கழிப்பறைக் கதவுக்கு மேலே சிக்னே

அன்புத் தங்கை ஆஸ்தாவுக்கு, ஸ்கீவெ ஊரிலிருந்து உன் அக்கா டாக்னி எழுதிக்கொள்வது. என் இடது முட்டியைத் தவிர இங்கே மற்றதெல்லாம் சுகம். கோபன்ஹேகனில் நீயும், உன் பால்கனிச் செடிகளும், உன் வீட்டுக்காரரும் அதே வரிசையில் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

முதலில், போன ஞாயிற்றுக்கிழமை 'மூலை' பாரில் இருந்தவர்கள் யார் யார் என்று எழுதிவிடுகிறேன். பின்னால் யாராவது உன்னிடம் வேறு விதமாகக் கதை சொன்னால் வாயை அடைக்க வசதியாக இருக்கும். கவுண்டருக்குப் பின்னால் பாரை நடத்தும் லோனெ. பெரிய டிவிக்கு நேர் எதிரே எகோன். புகைபோக்கி சுத்தம் செய்துகொண்டிருந்தானே, அதே எகோன்தான். அவன் பக்கத்தில் வெர்னர், வெர்னரின் காலடியில் அவனுடைய நாய் புஸ்டர். ஜன்னலோரம் தோர்சன் வீட்டு அண்ணனும் தம்பியும். அவர்கள் பேசி யாரும் கேட்டதில்லை, அன்று வரைக்கும். அப்புறம் என் பக்கத்து வீட்டு கெர்தா. அப்புறம் நான். வேறு ஈ காக்கை இல்லை.

நான் எதற்குப் பாருக்குப் போனேன் என்று உன் புருவம் மேலே போவது இங்கிருந்தே தெரிகிறது. புருவத்தை இறக்கு, சொல்கிறேன். என் பேத்தி சிக்னே நம் ஊர் ஹேண்ட்பால் அணியில் இரண்டாவது கோல்கீப்பராக ஒரு வருஷமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முதல் கோல்கீப்பர் சைக்கிளிலிருந்து விழுந்து விரலை முறித்துக்கொண்டாள், பாவம், நல்ல பெண், நான் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக முழு ஆட்டமும் சிக்னேதான் கோலில் நிற்கப்போகிறாள், அதுவும் டிவியில் காட்டுகிற ஆட்டம். அவள் இத்தனூண்டாக இருக்கும்போது தோட்டத்துக் கொட்டகைக் கதவு முன்னால் அவளை நிறுத்தி, முளைவிட்ட உருளைக்கிழங்கை வீசி வீசிப் பழக்கியது யார்? நான். அவள் அப்பன் தோர்பென் இல்லை. அவன் என் மகன்தான், இருந்தாலும் கிழங்கு வீசத் தெரியாது. சனிக்கிழமை அவள் போன் செய்து, "பாட்டி, நீ ஒரு பந்து விடாம பாக்கணும். முடிஞ்சதும் கேள்வி கேப்பேன், தெரியுதா?" என்றாள். பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஆனால் ஆட்டம் நடக்கும் அரங்கத்துக்குள் கிறிஸ்துமஸ் வரை நான் கால் வைக்கக் கூடாது. அந்தக் கதை உனக்கு எப்படி வந்து சேர்ந்ததோ தெரியாது, நடந்தது இதுதான். செப்டம்பரில் அந்த நடுவர் ஒரு குருட்டுத் தீர்ப்புக் கொடுத்தார். நான் எழுந்து நின்று என் கருத்தைச் சொன்னேன். சொல்லும்போது மடியிலிருந்த கம்பளி நூல்கண்டு கையோடு சேர்ந்து கொஞ்சம் முன்னால் போய்விட்டது. போனது மைதானத்தில் உருண்டு ஓடியது, ஓடினது நம் அணிப் பெண் ஒருத்தியின் காலிலேயே சுற்றிக்கொண்டது, அவள் விழுந்தாள், அவளைத் தூக்க வந்தவளும் விழுந்தாள். ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் நூல் சுற்றினார்கள். நல்ல நூல் அது, ஆஸ்தா, பாதிதான் திரும்பி வந்தது. இதற்குப் போய்த் தடை, கோலுக்குப் பின்னால் வருஷச் சந்தா கட்டி வைத்திருக்கும் என் இருக்கையிலும் நான் உட்கார முடியாது. என் வீட்டு டிவியில் அந்த ஆட்டம் வரும் சேனல் கிடையாது. அதில் வருவதெல்லாம் சமையலும் ராஜ குடும்பமும்தான். கெர்தா வீட்டு டிவியிலும் அதே சமையல், அதே ராஜ குடும்பம். அந்தச் சேனல் இருப்பது 'மூலை'யில் மட்டும். 'மூலை'யில் இருப்பது எகோன். அவன் இருக்கும் கூரையின் கீழே நான் உட்காருவதில்லை என்பது ஊருக்கே தெரியும். சிக்னேக்காகப் போனேன்.

கெர்தா கதவைத் திறந்து பிடிக்க, நான் உள்ளே போய் ஓர் அடி வைத்திருக்க மாட்டேன், எகோன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து போய்க் கவுண்டர் மேலே தொங்கும் மணியை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினான்.

"தொப்பி! தொப்பி! டாக்னி தொப்பியோட வந்துட்டா! எல்லாருக்கும் ஒரு ரவுண்டு!"

பாருக்குள் தொப்பி போட்டபடி வந்தால் மணி அடிப்பார்கள், வந்தவர் எல்லாருக்கும் ஒரு சுற்று வாங்கித் தர வேண்டும். இது எனக்குத் தெரியாதா? நம் அப்பா இந்த மணியாலேயே பாதி வாழ்க்கையைத் தொலைத்தவர். ஆனால் நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் முடி சுருள வேண்டும் என்று தலையில் ரோலர் சுற்றுகிறவள். கம்பளித் தொப்பிக்கு அடியில் தலை முழுக்க ரோலர்.

லோனெ நல்ல பெண். குனிந்து மெதுவாக, "கழட்டிடுங்கம்மா, இப்பக் கழட்டினா விட்டுடலாம்" என்றாள்.

"கழட்ட மாட்டேன்."

"ஏன், உள்ள புறா கூடு கட்டியிருக்கா?" என்றான் எகோன். வெர்னர் சிரித்தான். நாய்கூடச் சிரித்தது.

"ரவுண்டுதானே வேணும்? தரேன்" என்றேன். "என்ன ரவுண்டுன்னு சட்டத்துல இருக்கா, லோனெ?"

"அதெல்லாம் இல்லம்மா."

"அப்ப எல்லாருக்கும் காபி. பெரிய கோப்பையில. குடிச்சு முடிக்க முடிக்க ஊத்திக்கிட்டே இரு."

எகோனின் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். ஆனால் அடுத்தவர் வாங்கிக் கொடுத்த காபியை வேண்டாம் என்று சொல்ல இந்த ஊரில் யாருக்காவது வாய் வருமா? பீர் ஒரு வாய், காபி ஒரு வாய் என்று எல்லாரும் முழுங்கினார்கள். தோர்சன் சகோதரர்கள் மும்முறை நிரப்பிக்கொண்டார்கள். அந்தக் காபிதான் பின்னால் என் கழுத்தை அறுத்தது, அதற்கு வருகிறேன்.

பெரிய டிவியில் நம் ஊர் ஆண்களின் ஃபுட்பால் ஆரம்பிக்க இருந்தது. அவர்கள் ஓடுவதைப் பார்த்தால் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி இருக்கும். நான் ஹேண்ட்பாலைப் போடச் சொன்னேன். எகோன் ஃபுட்பால்தான் என்றான். வெர்னர், யாரும் அவனைக் கேட்காமலே, "ஸ்னூக்கர் போட்டா எல்லாருக்கும் அமைதியா இருக்கும்" என்றான். லோனெ கையைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு எந்தப் பக்கமும் இல்ல. வழக்கம்போல பகடை போட்டு முடிவு பண்ணுங்க" என்று தோல் கோப்பையை நடுவில் வைத்தாள்.

கோபன்ஹேகனுக்குப் போனவர்களுக்கு இதெல்லாம் மறந்திருக்கும், அதனால் சொல்லிவிடுகிறேன். கோப்பைக்குள் இரண்டு பகடை. குலுக்கிக் கவிழ்த்து, குலுக்கினவர் மட்டும் ஓரமாகத் தூக்கிப் பார்த்து, விழுந்ததைச் சொல்லி அடுத்தவரிடம் தள்ள வேண்டும். முன்னால் ஒருவர் சொன்னதைவிடப் பெரிதாகத்தான் சொல்ல வேண்டும், விழாவிட்டால் பொய் சொல்லலாம். ஒரே எண் ஜோடியாக விழுந்தால் பெரிது, இரண்டும் ஒன்றும் விழுந்தால் எல்லாவற்றையும்விடப் பெரிது. அடுத்தவர் நம்பினால் தான் குலுக்குவார். நம்பாவிட்டால் கோப்பையைத் தூக்கிப் பார்ப்பார். பொய்யென்றால் சொன்னவர் அவுட், உண்மையென்றால் தூக்கினவர் அவுட். முழுக்க முழுக்க ஆளை எடைபோடும் விளையாட்டு. அதில் என்னை யார் ஜெயிப்பது?

நான் குலுக்கினேன். ஒன்றுக்கும் உதவாத மூன்றும் இரண்டும் விழுந்திருந்தது. முகத்தைச் சர்ச்சில் உட்கார்ந்த மாதிரி வைத்துக்கொண்டு, "ரெண்டு அஞ்சு" என்றேன். வெர்னர் நம்பிவிட்டான். இப்போது அவன் அதைவிடப் பெரிதாகச் சொல்ல வேண்டும். குலுக்கினான், எட்டிப் பார்த்தான், பெருமூச்சு விட்டான், "ரெண்டு ஆறு" என்றான், காது இரண்டும் பீட்ரூட் ஆகிவிட்டது. எகோன் கோப்பையைத் தூக்கினான். நாலும் ஒன்றும். ஸ்னூக்கர் அதோடு ஒழிந்தது.

மிஞ்சியது நானும் எகோனும். நான் குலுக்கி, "ஆறும் நாலும்" என்றேன், நிஜமாகவே விழுந்தது. அவன் நம்பினான். குலுக்கினான். குனிந்து பார்த்தான். மூக்கைச் சொறிந்தான். "ரெண்டு ஆறு" என்றான்.

கெர்தா என் காதில், "நம்பிடு டாக்னி. நம்பிட்டு நீ ரெண்டும் ஒண்ணும்னு ஒரு பெரிய பொய்யா எடுத்து விடு" என்று முணுமுணுத்தாள். அவள் சொல்வாள். எகோனை நம்பி அவளுக்கு என்ன நஷ்டம்? லாபம்தான். ஆஸ்தா, என் வெள்ளி விழாக் கல்யாண நாள் உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, எனக்கு இருக்கிறது. விடிகாலையில் அக்கம் பக்கத்தார் ஊசியிலைக் கிளைகளால் வாசலில் வளைவு கட்டி, பாண்டு வாசித்து எழுப்புவார்கள் என்று நானும் என் ஹோல்கரும் நல்ல உடை போட்டுக்கொண்டு, தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டு, சுட்ட ரொட்டிகளைத் துணி போட்டு மூடிவைத்துக் காத்திருந்தோம். வளைவு கட்டும் பொறுப்பு எகோனுடையது. முதல் நாள் என்னிடம் மூக்கைச் சொறிந்துகொண்டே, "உன் வீடு எனக்குத் தெரியாதா?" என்றான். கட்டினது எங்கே? கெர்தாவின் வாசலில். அந்த வாரம்தான் அவளுக்கு விவாகரத்து ஆகியிருந்தது. பாண்டு வாசிக்கிறது, ஊரே 'வாழ்க' என்று கத்துகிறது, இவள் இரவு உடையில் வந்து நின்று கை அசைக்கிறாள்! ஜன்னல் வழியாகப் பார்த்து ஹோல்கர் சிரித்த சிரிப்பு, சாகும் வரைக்கும் அவர் அதை நினைத்து நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்த மூக்கை நம்புவதா? கோப்பையைத் தூக்கினேன்.

இரண்டு ஆறும் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

எகோன் சொன்னான், "முப்பது வருஷத்துல ஒரே ஒரு தடவையாவது என்னை நம்பியிருக்கலாம் டாக்னி." காலை நீட்டி, பெரிய டிவி முன்னால் ராஜா மாதிரி சாய்ந்துகொண்டான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காபி ஆவி பட்டுத்தான்.

லோனெக்கு மனசு கேட்கவில்லை. "கழிப்பறை நடைவழியில சின்ன டிவி ஒண்ணு இருக்கும்மா. குதிரைப் பந்தயம் ஓடும். அதுல மாத்தி விடறேன். சத்தம் மட்டும் வராது" என்றாள். ஆண்கள் கழிப்பறைக் கதவுக்கு மேலே, ரொட்டித் தட்டு அளவுக்கு ஒரு டிவி. பீர்ப் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி, ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் கெர்தாவின் தோளையும் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த ரொட்டித் தட்டுக்குள் என் சிக்னே, கொட்டகைக் கதவு முன்னால் நிற்கிற அதே மாதிரி, காலை அகட்டிக்கொண்டு நின்றாள்.

ஆட்டம் ஆரம்பித்ததும் காபி வேலையைக் காட்ட ஆரம்பித்தது. முதலில் தோர்சன் அண்ணன். "மன்னிக்கணும்" என்று என் பெட்டியை நகர்த்தி, கதவைத் திறந்து, உள்ளே போனான். கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு, திறக்கிற ஒவ்வொரு தடவையும் நான் பெட்டியோடு பின்னால் போக வேண்டும். அவன் வெளியே வரும்போது தம்பி. தம்பி வரும்போது வெர்னர். வெர்னர் வந்ததும் நாய், அதற்கு அங்கே என்ன வேலை?

"கொஞ்சம் குனிஞ்சு போ வெர்னர், தலை மறைக்குது!"

"நான் குள்ளம்தானே டாக்னி."

"அப்ப இன்னும் குள்ளமாப் போ!"

ஆனால் திரும்பி வந்த தோர்சன் அண்ணன் போகவில்லை. கையை உதறிக்கொண்டே அண்ணாந்து பார்த்தான். ஒருத்தி எம்பிக் குதித்துப் பந்தை எறிய, சிக்னே காலை நீட்டி அதைக் கூரைக்கு அனுப்பினாள்.

"யார் அந்தப் பொண்ணு?" என்றான். ஆஸ்தா, அந்த மனிதன் பேசினான்!

"என் பேத்தி."

"தம்பி!" என்று கத்தினான். "அங்க என்ன பண்றே? இங்க வா!"

அப்புறம் கழிப்பறைக்கு வந்தவர்கள் யாரும் திரும்பிப் போகவில்லை. வெர்னர் நாயைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான், அதற்கும் தெரிய வேண்டுமாம். லோனெ கவுண்டரை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். அந்தக் குறுகிய நடைவழியில் ஊறுகாய் ஜாடிக்குள் வெள்ளரிக்காய் அடைத்த மாதிரி நின்றோம். சிக்னே ஒவ்வொன்றாகத் தடுத்தாள், கையால், முழங்காலால், ஒரு தடவை பின்பக்கத்தால். பெரிய டிவி முன்னால் எகோன் மட்டும் ஒற்றையாக.

"கோல்! நம்ம ஆளு கோல் போட்டுட்டான்!" என்று அங்கிருந்து கத்தினான். யாரும் போகவில்லை. கொஞ்சம் கழித்து, "ஏய், அங்க என்னடா சத்தம்? யார் ஜெயிக்கறா?" என்றான். ஜெயித்து வாங்கிய டிவியை விட்டு எழுந்து வர ரோஷம் விடவில்லை. ஆனால் என் காபியை எல்லாரையும்விட அதிகமாகக் குடித்தவன் அவன்தான்.

கடைசி நிமிஷம். நாம் ஒரு கோல் முன்னால் இருந்தோம். ஆட்ட நேரமும் முடிந்துவிட்டது. முடிந்த பிறகு எதிரணிக்கு ஒரு பெனால்டி, அதே குருட்டு நடுவர்! மைதானத்தில் வேறு யாருக்கும் வேலை இல்லை. எறிகிறவள் ஒருத்தி, கோலில் சிக்னே ஒருத்தி. தோர்சன் தம்பி என் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தான். எறிகிறவள் கையை ஓங்கினாள்.

"வழி விடுங்க! வழி விடுங்கடா, உயிர் போகுது!"

எகோன் குனிந்த தலையோடு, காட்டுப்பன்றி புகுந்த மாதிரி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். கதவை இழுத்தான். கதவு பெட்டியில் இடித்தது, பெட்டி சாய்ந்தது, விழாமல் இருக்க நான் கையில் கிடைத்ததைக் கட்டிப் பிடித்தேன். கிடைத்தது எகோனின் தலை. நான் கண்ணைத் திறந்தபோது என் மூக்கு அவன் வழுக்கையில் பதிந்திருந்தது. என் தொப்பி எங்கோ போனது, ரோலர்கள் நாலு பக்கமும் தெறித்தன, ஒன்றைக் கவ்விக்கொண்டு புஸ்டர் தெருவுக்கு ஓடியது. சுற்றி எல்லாரும் "ஹோ!" என்று கூரை பிய்கிற மாதிரி கத்துகிறார்கள், கெர்தா தோர்சன் அண்ணனை முத்தமிடுகிறாள். நான் பார்த்தது எகோனின் தலையிலுள்ள மச்சத்தை மட்டும். காலால் உதைத்து எழுந்து பார்ப்பதற்குள் டிவியில் சோப்பு விளம்பரம்.

சாயங்காலம் சிக்னே போன் செய்தாள்.

"பாட்டி! கடைசிப் பந்து பாத்தியா? எதால தடுத்தேன், சொல்லு பாக்கலாம்?"

பகடைக்கு வெளியே நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். "எதாலன்னு கேக்கறியே, இடது காலாலதான்!" என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள்.

"மூக்கால பாட்டி" என்றாள். "வீங்கி உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு. நீ பாக்கலையா?"

அந்தக் குரலை எழுத எனக்குப் படிப்புப் போதாது. என் வாழ்நாளில் ஒரு பந்து பார்க்க வேண்டியிருந்தது, அதை ஒரு வழுக்கை மறைத்துவிட்டது. ஆகவே இனி 'மூலை'யின் வாசல்படியை மிதிக்க மாட்டேன், பகடையைத் தொட மாட்டேன், எகோனைச் செத்தாலும் மன்னிக்க மாட்டேன் என்று இதன் மூலம் உனக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு இங்கே வந்துவிடு, வாத்து வறுக்கிறேன். உன் வீட்டில் அடுப்பு அணையாமலும், கூரை ஒழுகாமலும், உன் வீட்டுக்காரரின் குறட்டை அடுத்த அறை வரை மட்டும் கேட்கிற மாதிரியும் ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும் அக்கா,
டாக்னி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது. எகோன். கையில் அவனுடைய போன். அந்தக் கடைசிப் பந்தை எங்கேயோ தேடி எடுத்துக்கொண்டு வந்திருந்தான். "மறைச்சது நான்தானே டாக்னி, அதான்" என்றான். வாசலிலேயே தொப்பியைக் கழற்றிவிட்டான். உள்ளே விட்டேன், காபி கொடுத்தேன், ஒரு கோப்பை மட்டும். சமையல் மேசையில் வைத்து அந்தப் பந்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். மூக்கில் வாங்கியும் அவள் கண்ணைச் சிமிட்டவே இல்லை. உடனே சிக்னேக்குப் போன் செய்து, "இப்பப் பாத்துட்டேன், இப்பக் கேளு" என்றேன். எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னேன்.

பார்த்துக்கொண்டே இருந்த எகோன், "கோலுக்குப் பின்னால, பச்சைக் கோட்டு போட்டுக்கிட்டு ஒரு அம்மா நிக்குதே, அது யாரு? ஊரே பாக்குது, அது மட்டும் ரெண்டு கையாலயும் கண்ணைப் பொத்திக்கிட்டு நிக்குது" என்றான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். "யாரோ கோபன்ஹேகன்காரி" என்றேன். அப்புறம் தோர்பெனைப் போனில் பிடித்தேன். முதலில் இருமினான், பிறகு தான்தான் உன்னை அங்கே உட்கார வைத்ததாக ஒப்புக்கொண்டான். என் இருக்கை, ஆஸ்தா! ரயிலேறி இவ்வளவு தூரம் வந்து, நடக்கிற தூரத்தில் இருக்கும் என் கதவைத் தட்டாமல், என் இருக்கையில் உட்கார்ந்து, பார்க்க வேண்டிய அந்த ஒரு பந்தின்போது கண்ணை மூடிக்கொண்டு, அப்படியே திரும்பி ரயிலேறிப் போயிருக்கிறாய்.

ஆகவே மேலே எழுதியதில் சில மாற்றங்கள். எகோனை மன்னித்துவிட்டேன். வளைவு விஷயத்தையும் சேர்த்துத்தான். சனிக்கிழமை 'மூலை'யில் பகடை, ரோலர் இல்லாமல் போகிறேன். கிறிஸ்துமஸ் வாத்தை எகோனும் கெர்தாவும் தோர்சன் சகோதரர்களும் சாப்பிடுவார்கள், எலும்பு புஸ்டருக்கு. இந்த உலகத்தில் இனி நான் மன்னிக்காமல் வைத்திருப்பது ஒரே ஒருத்தியைத்தான். அம்மா ஞானஸ்நானத்தில் வைத்த பேரையே உறை மேலும் முழுசாக எழுதுகிறேன், தபால்காரரும் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்: ஆஸ்தா எலெனோரா மத்சென்.